முன்னோர் விட்டுச் சென்ற கணக்கு

தம் முன்னோர் யாவர், எவ்வூரினர், என்ன தொழில் செய்து வாழ்ந்தனர் என்று அறிய விரும்புவது மாந்தர்க்கு இயல்பு. பிறந்த மண்ணை விட்டு அகன்று வாழ்வார்க்கு அவ்விருப்பம் இன்னும் மிகுதி. ஊரிலேயே இருப்பவனுக்குப் பாட்டன் பெயரைத் தெரு சொல்லும், குளக்கரை சொல்லும், கோயில் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர் சொல்லுவர். அயலூரில் வாழ்பவனோ அதனைத் தானே தேடி அறிய வேண்டியவனாகிறான். அறிந்தபின் என் செய்வது? முன்னோர் பெருமையை நம் பெருமையாகக் கொள்ளலாமா? அவர் செய்த பிழைக்கு நாம் தலைகுனிய வேண்டுமா? நாம் செய்யாத செயலுக்குரிய புகழும் பழியும் நமக்கு எவ்வாறு உரியனவாகும்? இவையே இக்கட்டுரையில் நாம் ஆராயக் கருதிய வினாக்கள்.

இவ்வினாக்களை நம் குலத்தையும் நம் ஊரையும் வைத்து ஆராயப் புகுந்தால் விருப்பும் வெறுப்பும் குறுக்கே வந்து நிற்கும். ஆதலின் நமக்கு உறவும் பகையும் இல்லாத ஒரு சிறு நாட்டின் உழவர் குடிகளை எடுத்துக்கொள்வோம். பிறர் கணக்கைப் பார்க்கும்போது நம் கண் தெளிவாக இருக்கும். பார்த்து முடித்தபின் நம் ஏட்டையும் திறந்து பார்க்கலாம்.

பிரிட்டன் தீவின் மேற்கே அமைந்தது வேல்ஸ். பரப்பில் தமிழ்நாட்டின் ஆறில் ஒரு பங்கிற்கும் சற்றுக் குறைவு. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 31 இலட்சம். மலையும் மேய்ச்சல் நிலமும் மழையும் மிக்க நாடு. ஆங்கிலத்தினின்று முற்றும் வேறான வெல்ஷ் அந்நாட்டின் தொன்மொழி. இன்று அதனைப் பேச வல்லார் நூற்றுக்கு 18 பேர் அளவினரே. சென்ற இரு நூற்றாண்டுகளில் இந்நாட்டு உழவர் மக்கள் பலர் தென்பகுதி நிலக்கரிச் சுரங்கங்களுக்கும், லிவர்ப்பூல், இலண்டன் முதலிய நகரங்களுக்கும், கடல் கடந்து அமெரிக்காவிற்கும், 1865ஆம் ஆண்டு முதல் அர்ஜென்டினாவின் படகோனியாவிற்கும் பெயர்ந்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று தம் மூதாதையரைத் தேடிப் பழைய ஏடுகளைப் புரட்டுகின்றனர்.

அவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் பெயரே. வேல்ஸ் உழவர்க்கு நெடுங்காலம் குடும்பப் பெயர் என்பது இல்லை. தந்தையின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக் கூறுவதே வழக்கம். இன்னார் மகன் என்பதைக் குறிக்க 'ஆப்' என்னும் சொல்லை இடையில் இட்டனர். ஆங்கிலச் சட்டமும் ஆங்கில எழுத்தரும் வந்தபின், தந்தையின் பெயர் சிறிது சிறிதாகக் குடும்பப் பெயராக உறைந்தது. 'ஆப் ரீஸ்' என்பது 'பிரைஸ்' ஆயிற்று. 'ஆப் ஹவெல்' என்பது 'பவெல்' ஆயிற்று. ஜானின் வழியினர் ஜோன்ஸ். ஈவானின் வழியினர் ஈவான்ஸ். வில்லியத்தின் வழியினர் வில்லியம்ஸ். நாட்டுப்புறங்களில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரையிலும் பழைய முறை நிலவியதால், தந்தை, மகன், பேரன் மூவரும் மூன்று வெவ்வேறு பெயரால் பதிவாகியிருப்பதுண்டு. நமக்கு இது புதுமையன்று. நம் பெயரின் முன் நிற்கும் எழுத்தும் தந்தையின் பெயரே. அயல் மாநில அலுவலகங்களில் 'குடும்பப் பெயர்' என்னும் கட்டத்தின் முன் எழுதுகோலோடு திகைத்து நின்று, தந்தையின் பெயரையே அதில் எழுதி, அதுவே பேரப்பிள்ளைகளுக்கும் நிலைத்துவிட்ட தமிழ்க் குடும்பங்கள் எத்தனை! வேல்ஸில் தலைமுறைகள் பல கடந்து நிகழ்ந்தது நம்மிடையே ஒரு படிவத்தில் நிகழ்ந்துவிடுகிறது.

பெயரால் இனங்காண இயலாதபோது பண்ணையின் பெயரும் சேப்பலின் பெயருமே துணை நிற்கும். இன்ன பண்ணையினர், இன்ன சேப்பலினர் என்று அறிந்தால்தான் ஓர் ஊரிலுள்ள பத்து ஜான் ஜோன்ஸ்களுள் நம்மவர் யார் என்று தெளியலாம். சேப்பல் என்பது ஆங்கிலத் திருச்சபையினின்று விலகிய மக்கள் தாமே பொருள் திரட்டிக் கட்டிக்கொண்ட எளிய தொழுகையகம். கோபுரமில்லை, ஓவியமில்லை, சுண்ணம் பூசிய சுவர், மர இருக்கைகள், நடுவே உயர்ந்த மேடை, அதன் கீழே மூப்பர்கள் அமரும் 'பெரிய இருக்கை'. பெத்தேல், எபெனேசர், சீயோன், ஓரேப் என்று வேதாகமப் பெயர்களைச் சூட்டினர்.

அச்சேப்பல் தொழுகைக்கு மட்டும் உரிய இடமாக இருக்கவில்லை. உழவன் எழுத்துக் கற்ற பள்ளியும் அதுவே. 1588இல் வில்லியம் மார்கன் முழு வேதாகமத்தையும் வெல்ஷ் மொழியில் வெளியிட்டார். 18ஆம் நூற்றாண்டில் கிரிஃபித் ஜோன்ஸ் என்னும் குருவானவர் ஊர் ஊராகச் சுழலும் பள்ளிகளை நடத்தினார். குளிர்காலத்தில், வயல் வேலை குறைந்த திங்கள்களில், ஆசிரியர் ஓர் ஊரில் தங்கி மக்கட்கு அவர்தம் தாய்மொழியிலேயே எழுத்துக் கற்பித்துவிட்டு அடுத்த ஊருக்குச் செல்வார். 1761இல் அவர் மறையுமுன் இவ்வாறு நடந்த பள்ளிகள் மூவாயிரத்திற்கும் மேற்பட்டவை. பின்னர் ஓய்வுநாள் பள்ளிகள் அப்பணியை மேற்கொண்டன. அங்குச் சிறுவர் மட்டுமல்லர், நரைத்த தலையினரும் அமர்ந்து படித்தனர்.

சேப்பலின் மற்றொரு முகம் கண்டிப்பு. 'செயட்' என்னும் கூட்டத்தில் உறுப்பினர் தத்தம் உள்ளத்தின் நிலையை எடுத்துரைப்பர். குடித்துத் திரிந்தவனும், மணமாகுமுன் கருவுற்றவளும் சபையினின்று விலக்கப்பட்டதுண்டு. மனந்திரும்பினால் மீண்டும் சேர்க்கப்பட்டதும் உண்டு. முன்னோரைத் தேடுவோர் தம் பாட்டியின் பாட்டி பெயர் இவ்வாறு நீக்கப்பட்டிருப்பதை ஏட்டில் காணும்போது மனம் கலங்குவர். அவளோடு குற்றத்தில் பங்கு கொண்டவன் பெயர் அங்கு இல்லாதிருப்பதையும் காண்பர். மூதாதையரின் பக்தியைத் தேடிச் சென்றவர்க்கு அவர்தம் கடுமையும் சேர்ந்தே கிடைக்கிறது.

இனி, இரண்டு செய்திகளை எதிரெதிராக வைத்துப் பார்ப்போம். நம் வினாவின் உயிர்நிலை அவற்றில் உள்ளது.

முதற்செய்தி ஆன் கிரிஃபித்ஸ் என்னும் பெண்ணைப் பற்றியது. நடு வேல்ஸின் மாண்ட்கமரி வட்டாரத்தில் டோல்வர் வாக் என்னும் பண்ணையில் 1776இல் பிறந்த உழவர் மகள் அவர். இளமையில் ஆட்டத்திலும் பாட்டிலும் விருப்புடையவர். பின்னர்ச் சமய உணர்ச்சி மேலிட்டு மெதடிஸ்ட் சபையில் சேர்ந்தார். அவ்வப்போது உள்ளத்தில் எழுந்த ஞானப்பாடல்களை வாய்விட்டுக் கூறுவார். 1804இல் மணம்; 1805இல் பெண் மகவு. மகவு இரு வாரமளவில் இறந்தது. தாயும் சில நாளில் இறந்தார். அகவை 29. அவர் கைப்பட எழுதியதாக இன்று எஞ்சியிருப்பது ஒரே ஒரு கடிதமும் அதில் ஒரு பாட்டுமே. ஆயினும் அவர்தம் பாடல்கள் எழுபதுக்கும் மேற்பட்ட அடித்தொகுதிகளாக இன்று நிலைத்துள்ளன. வெல்ஷ் மொழியின் உயர்ந்த செல்வங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றன. அவை எவ்வாறு பிழைத்தன? அப்பண்ணையில் வேலை செய்த ரூத் ஈவான்ஸ் என்னும் பணிப்பெண் அவற்றை மனப்பாடமாக வைத்திருந்தார். அவருக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல அவர்தம் கணவர் ஜான் ஹியூஸ் என்னும் போதகர் ஏட்டில் எழுதிக்கொண்டார். 1806இல் அவை அச்சேறின.

இங்குச் சற்று நின்று எண்ணுவோம். ஆன் கிரிஃபித்ஸின் குருதி வழி அவரோடு முடிந்துவிட்டது. அவரை 'என் பாட்டி' என்று சொல்ல வல்லார் உலகில் ஒருவரும் இலர். ஆனால் அவர் பாட்டைப் பாடி வளர்ந்தோர் அனைவர்க்கும் அவர் முன்னோரே. அவருக்கு முன்னோர் என்னும் தகுதியைத் தந்தவர் யார்? கூலிக்கு வேலை செய்த ஒரு பெண். குருதியால் உறவற்ற, எழுத்தறியாத ஒருத்தியின் நினைவாற்றல் ஒரு நாட்டிற்கு முன்னோரைத் தேடித் தந்தது. குருதிக் கணக்கு எவ்வளவு மெலிந்தது என்பதை வேறு வகையாலும் காணலாம். பெற்றோர் இருவர், அவர்தம் பெற்றோர் நால்வர் என்று ஏறிச் சென்றால் பத்தாம் தலைமுறையில் 1,024 இடங்கள் உள. அத்தனை பேருள் ஒருவரைத் தெரிந்தெடுத்து 'இவர் என் முன்னோர்' என்று நாம் சொல்லும்போது அது குருதியின் தீர்ப்பன்று. நம் நெஞ்சின் தேர்வே.

இச்சேப்பல் மக்களின் கொடை நம் நாட்டிலும் உண்டு. 1841இல் தாமஸ் ஜோன்ஸ் என்னும் வேல்ஸ் போதகர் சிரபுஞ்சியை அடைந்து, காசி மொழியை உரோமன் எழுத்தில் எழுதும் முறையை வகுத்தார்; தம் தாய்மொழியின் எழுத்து வழக்கையே அதற்கு அடிப்படையாகக் கொண்டார். மேகாலயத்தில் வாழ்ந்த தமிழர்கள் கடைப் பலகைகளில் அவ்வெழுத்தைக் கண்டிருப்பர். அப்பணிக்கான செலவை ஏற்றவை வேல்ஸ் மலைச்சரிவிலிருந்த சேப்பல்களே.

இரண்டாம் செய்தி இனிமையானதன்று. 18ஆம் நூற்றாண்டில் நடு வேல்ஸின் பண்ணை வீடுகளில் குளிர்காலம் முழுதும் இராட்டையும் தறியும் ஓடின. குத்தகைப் பணம் நிலத்தினின்று முழுதும் வாராது; கம்பளித் துணி நெய்து விற்றே பலரும் நிலக்கிழாருக்குச் செலுத்தினர். 'வெல்ஷ் பிளெயின்ஸ்' எனப்பட்ட அம்முரட்டுத் துணி ஷ்ரூஸ்பரி வணிகர் கையேறிக் கடல் கடந்து சென்றது. அதனை உடுத்தவர் யார்? மேற்கிந்தியத் தீவுகளிலும் அமெரிக்காவின் தென்பகுதியிலும் கரும்பிலும் நெல்லிலும் உழைத்த ஆப்பிரிக்க அடிமைகள். வணிக உலகில் அது அடிமைகளின் துணியாகவே அறியப்பட்டது. சேப்பலில் மீட்பைப் பற்றிப் பாடிய மாண்ட்கமரி, மெரியனத் வட்டாரங்களிலேயே, விலைக்கு விற்கப்பட்ட மனிதர்க்குரிய உடையும் நெய்யப்பட்டது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழித்த சட்டம் 1833இல்தான் வந்தது. பின்னர் அதே சேப்பல் மேடைகளினின்றும் அடிமை முறைக்கு எதிரான குரல் எழுந்தது என்பதும் உண்மையே. ஆயினும் தறியில் ஓடிய நூலை மறைத்துவிட முடியாது.

இன்று இவ்வரலாற்றை அறியும் ஒரு வழித்தோன்றல் என் செய்ய வேண்டும்? நெய்தவர் ஏழைகள், பட்டினிக்கு அஞ்சி நெய்தவர்கள். அவர்களைப் பழிப்பது எளிது, நீதியன்று. எனினும் பாட்டை மட்டும் ஏற்றுத் துணியை விலக்குவது நேர்மையாகுமா?

இவ்விடத்தில் வேல்ஸின் பழஞ்சட்டமே நமக்கு வழி காட்டுகிறது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டை விவரித்து எழுதிய ஜெரால்டு என்னும் குருவானவர், அங்கு எளிய மக்களும் ஆறேழு தலைமுறை முன்னோர் பெயரை மனப்பாடமாகச் சொல்லுவர் என்று வியந்து குறிப்பிடுகிறார். அவர்கள் அதனைப் பெருமைக்காக மட்டும் கற்கவில்லை. 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹவெல் தா என்னும் மன்னரின் பெயரால் வழங்கிய சட்டப்படி, நிலம் குடிவழியாகப் பங்கிடப்பட்டது. கொலைக்குரிய ஈட்டுத்தொகையும் குடிவழியாகவே பங்கிடப்பட்டது. 'கலானஸ்' எனப்பட்ட அத்தொகையைக் கொன்றவன் மட்டும் செலுத்துவதில்லை. தந்தை வழியிலும் தாய் வழியிலும் உறவினர் பலரும் உறவின் அணுக்கத்திற்கேற்பப் பங்கு செலுத்த வேண்டும். கொலையுண்டவன் உறவினரும் அவ்வாறே பங்கு பெறுவர். 1284இல் ஆங்கில அரசு தன் குற்றவியல் சட்டத்தைப் புகுத்தியது. அதற்கு முன் வேல்ஸ் மக்களுக்குக் குடிவழி என்பது வரவும் செலவும் ஒருங்கே எழுதிய ஏடாக இருந்தது. நிலமும் கடனும் ஒரே கொடியில் காய்த்தன. ஒன்றைப் பறித்து மற்றொன்றை விட்டுவிட அவர்களால் இயலாது.

ஆனால், பிறப்பினால் ஒருவனுக்குப் பழி வரும் என்று நாம் ஒப்புக்கொள்ளலாமா? கூடாது. பிறப்பினால் இழிவு வரும் என்னும் கொள்கை நம் நாட்டில் கோடிக்கணக்கான மக்களைத் தெருவுக்கு வெளியே நிறுத்தியது. அக்கொள்கையை வேறொரு வாயில் வழியே உள்ளே விடுவது அறமாகாது. ஆகவே பழி வேறு, கடன் வேறு என்று நாம் பிரித்தறிய வேண்டும். பழி செய்தவனோடு போகும். கடனோ பெற்றவனைத் தொடரும். குருதி காரணமாக அது தொடர்வதில்லை. கையில் உள்ள பொருள் காரணமாகத் தொடர்கிறது. முன்னோர் ஈட்டிய நிலமோ, கல்வியோ, நற்பெயரோ, தெருவில் கிடைக்கும் மதிப்போ, ஏதேனும் ஒன்றை நாம் துய்க்கின்றோமாயின், அவ்வீட்டத்தின்போது பிறர்க்கு நேர்ந்த இழப்பையும் நாம் கேட்டறியக் கடமைப்பட்டவர்கள். ஒன்றும் பெறாதவனுக்கு அக்கடனும் இல்லை. இவ்வாறு கொண்டால் வீண் தற்பெருமையும் வேண்டா. வீண் தற்பழியும் வேண்டா. வேண்டுவது கணக்கை முழுமையாகப் படிக்கும் துணிவு ஒன்றே.

தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனின் அறக்கடமை என்பது இந்து சட்டத்தில் நெடுங்காலம் இருந்த கோட்பாடு. 2005ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், அவ்வறக்கடமையை மட்டுமே காட்டி மகன்மீது வழக்குத் தொடுக்கும் உரிமையை, அதன்பின் எழும் கடன்களைப் பொறுத்தவரை நீக்கிவிட்டது. வட்டிக்காரர் கொடுமையினின்று மக்களைக் காக்க அது நன்றே. ஆனால் நீதிமன்றம் கேளாத கடனை நெஞ்சம் கேட்பதுண்டு. அதே 2005ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஒன்று நிகழ்ந்தது. வடக்கு வேல்ஸின் டிரிவெரின் பள்ளத்தாக்கில் கபெல் கெலின் என்னும் வெல்ஷ் மொழி பேசும் உழவர் சிற்றூர் இருந்தது. லிவர்ப்பூல் நகரின் தண்ணீர்த் தேவைக்கு அங்கு அணை கட்ட 1957இல் நாடாளுமன்றம் இசைந்தது. வேல்ஸ் உறுப்பினருள் ஒருவரேனும் அதற்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை. 1965இல் வீடுகளும் பள்ளியும் சேப்பலும் இடுகாடும் இருந்த இடத்தை நீர் மூடியது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2005இல், லிவர்ப்பூல் நகர மன்றம் அச்செயலுக்காக வருத்தம் தெரிவித்து மன்னிப்புக் கோரியது. அணை கட்ட முடிவெடுத்த மன்றத்தினர் வேறு. மன்னிப்புக் கேட்ட மன்றத்தினர் வேறு. பழி இவர்களுடையதன்று. ஆனால் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீர் இவர்களுடையது. ஆகவே கடனும் இவர்களுடையதாயிற்று. மூழ்கிய சேப்பல் மீளவில்லை. எனினும் கணக்கேட்டில் விடுபட்டிருந்த ஒரு வரி எழுதப்பட்டது.

இனி நம் ஏட்டைத் திறப்போம். நம் முன்னோரைப் பற்றிப் பேசும்போது, நன்செய் இத்தனை காணி, கோயிலுக்கு எழுதிவைத்த கட்டளை இவ்வளவு என்று நாம் மகிழ்ந்து கூறுகிறோம். அந்நன்செயில் நாற்று நட்டவர் யார், அவர் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குச் சென்றனர், கட்டளை எழுதிய கோயிலில் அவர்கள் எவ்விடம் வரை வர முடிந்தது என்று கேட்பதில்லை. முன்னோர் நமக்குத் தந்த எழுத்தறிவே நம்மை இந்நகருக்குக் கொண்டுவந்து ஒரு நாற்காலியில் அமர்த்தியது. அந்த எழுத்தறிவு வேறு எவருக்கு மறுக்கப்பட்டது என்பதும் அக்கணக்கின் ஒரு பகுதியே. நன்செய் இல்லாத வீட்டினின்று வந்தோரும் நம்முள் பலர் உளர். அவர்தம் ஏட்டில் பெறவேண்டிய வரவே மிகுதி. அதனையும் மறைக்காமல் எழுதல் வேண்டும்.

நம் பெயரன்மாரும் ஒருநாள் நம்மைத் தேடுவர். பள்ளிச் சான்றிதழில், பணிப் பதிவேட்டில், குடும்ப அட்டையில், இத்தகைய மலர்களின் நன்கொடையாளர் பட்டியலில் நம் பெயர் அவர்களுக்குக் கிடைக்கும். மொழி தெரியாது வந்திறங்கிய நம் குடும்பங்களுக்கு வீடு தந்த அண்டை வீட்டாரின் பெயர் கிடைக்குமா? நம் இல்லங்களில் பாத்திரம் துலக்கி, நம் குழந்தைகளைத் தூக்கி வளர்த்து, அவர்களுக்கு இந்நகரின் மொழியைக் கற்றுத் தந்த பெண்ணின் பெயர் கிடைக்குமா? அவளுடைய மாதச் சம்பளத்தை நாம் முறையாகக் கொடுத்தோமா என்பது எந்த ஏட்டில் உள்ளது? டோல்வர் வாக் பண்ணையின் பணிப்பெண்ணுக்கு வரலாற்றில் ஓர் இடம் கிடைத்தது. ஏனெனில் அவர் சொன்னதை ஒருவர் மதித்து எழுதிக்கொண்டார். நம் வீட்டு ரூத்துகள் சொல்வதை எழுதிக்கொள்வார் எவருமிலர்.

முன்னோரைத் தேடுதல் நல்ல செயலே. அது தற்பெருமைக்குத் தீனியாகாமல் அறமாக வேண்டுமாயின், வரவோடு செலவையும், குருதி உறவோடு கைம்மாறு கருதாது உழைத்த பிறரையும் சேர்த்தே தேட வேண்டும். குடும்ப வரலாறு எழுத எண்ணும் நம் இல்லத்தார் ஒவ்வொருவரும், மூதாதையர் பெயர்களுக்குக் கீழே ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு, நம்மை வளர்த்தும் நம் குடிவழியில் இடம்பெறாதவர்களின் பெயர்களை நினைவுள்ளபோதே அதில் எழுதி வைப்பாராக. பிற்காலத்தில் நம் வழியினர் ஏடு புரட்டும்போது, புகழுரை குறைந்தாலும், கணக்கு சரியாக இருக்கும்.